புது கிராஃபிக்ஸ் கார்டு, பழைய பிராசஸர்: எந்தக் கோளாறுக்கு எதை முதலில் பார்ப்பது

பெங்களூரு எஸ்பி ரோட்டில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டாகப் பார்த்து வாங்கி, வீட்டில் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியில் மாட்டிவிட்டு, "ஏதோ சரியில்ல அண்ணா" என்று என்னிடம் வருபவர்கள் நிறைய. அல்சூர், எஜிபுரா, மர்ஃபி டவுன் பக்கத்து நம்மாட்கள், வேலைக்கு வந்து பிஜியில் தங்கியிருக்கும் தம்பிகள். பாதிப் பேர் வரும்போதே "பிராசஸர் பத்தாதாம், மதர்போர்டோட சேர்த்து எல்லாத்தையும் மாத்தணும்னு கடையில சொல்லிட்டாங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சில நேரம் அது உண்மைதான். பல நேரம் கேபிள், எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை), ஒற்றை ராம், பயாஸில் (பெட்டி எழும்போது முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) ஒரு செட்டிங் என்று சின்ன விஷயத்தில் முடிந்துவிடும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து கார்டு வாங்கியவரிடம் இன்னொரு பெரிய செலவைத் தலையில் கட்டுவதற்கு முன் இதையெல்லாம் பார்த்துவிட வேண்டும். அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன், காசில்லாத சோதனை முதலில், செலவு கடைசியில். உங்கள் பெட்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

பழைய பிராசஸர் என்று நான் சொல்வது இன்டெல் 2-ஆம் தலைமுறையிலிருந்து 9 வரை, ரைசன் என்றால் 1000, 2000, 3000 வரிசை. ஆபீஸில் கழித்துக் கட்டி ரீஃபர்பிஷ்டு என்று விற்கும் டெல், எச்பி பெட்டிகளும் இதில் சேர்த்தி.

திறப்பதற்கு முன் சுவர் சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தேங்கிய கரண்ட் இறங்கிவிடும். அப்புறம் பெயிண்ட் இல்லாத இரும்பு ஒன்றைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். எந்த ஒயரையும் கழற்றும் முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜிபியு-இசட், சிபியு-இசட், எச்டபிள்யூ-இன்ஃபோ, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் ஆகிய நான்கு கண்காணிப்பு மென்பொருள்களையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இலவசம்தான்.

## பவர் பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை, அல்லது ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது

புது கார்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். பெட்டி ஓடுகிறதா?

ஓடவில்லை என்றால் கார்டுக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. மாட்டும்போது கை பட்டு வேறேதோ தளர்ந்திருக்கும். மதர்போர்டின் 24 பின் கனெக்டர், மேல் மூலையில் பிராசஸருக்குப் போகும் 4 அல்லது 8 பின், ராம், முன்பக்க பவர் பட்டனின் மெல்லிய ஒயர்கள், இந்த நாலையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அந்தப் பட்டன் ஒயர் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருப்பது ரொம்ப சாதாரணம், நீளமான கார்டை உள்ளே நுழைக்கும்போது அதன் நுனி போய் இடிக்கும் இடமே அதுதான்.

ஓடுகிறது, கார்டை மாட்டினால்தான் செத்துவிடுகிறது என்றால் கார்டுக்குப் போகும் பவர் ஒயரைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 8 பின் ஒயர்களில் இரண்டு வகை உண்டு. பிராசஸருக்கானது நாலும் நாலுமாகப் பிரியும், கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். பார்க்க ஒன்று போலவே இருந்தாலும் உள்ளே பிளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கும். ஓட்டையின் வடிவம் தடுக்கத்தான் செய்யும், ஆனால் முழு பலத்தோடு அழுத்தினால் உள்ளே போய்விடுகிறது. சுலபமாக நுழையவில்லை என்றால் அது அந்த இடத்துக்கான ஒயரே இல்லை.

இன்னொன்று, கேபிள் தனியாகக் கழன்று வரும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் வைத்திருந்தால் வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை அதில் சொருகவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே சுவிட்சில் மதர்போர்டு, எஸ்எஸ்டி, கார்டு மூன்றும் போய்விடும்.

ஒயரெல்லாம் சரியாக இருந்தும் அணைகிறது என்றால் கார்டை நண்பர் பெட்டியில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் அணைந்தால் கார்டில் ஷார்ட், நேராக வாரன்டிக்குப் போங்கள், நீங்களே திறக்காதீர்கள். அங்கே ஓடினால் பெரும்பாலும் உங்கள் எஸ்எம்பிஎஸ்தான் காரணம்.

## ஃபேன், லைட் எல்லாம் வருகிறது, திரை மட்டும் கருப்பு

மானிட்டர் கேபிள் எதில் சொருகியிருக்கிறது? பெட்டியின் பின்பக்கம் மேலே, யூஎஸ்பி, ஆடியோ ஓட்டைகளோடு இருக்கும் எச்டிஎம்ஐ மதர்போர்டுடையது. கீழே படுக்கை வாக்கில் இருப்பதுதான் கார்டுடையது. கருப்புத் திரை என்று வரும் கேஸ்களில் அதிகம் இதுவேதான். கேட்பவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று நான் வாய்விட்டுக் கேட்பதில்லை, நானே பின்னால் போய்ப் பார்த்துவிடுவேன்.

பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் புது கார்டில் அதற்கு ஓட்டை கிடையாது. எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் வேண்டும், உள்ளே சிப் வைத்ததாக இருக்க வேண்டும், வெறும் ஒயர் வேலை செய்யாது. கார்டில் மூன்று நாலு ஓட்டைகள் இருந்தால் எல்லாவற்றிலும் மாற்றிச் சொருகிப் பாருங்கள்.

அடுத்து கார்டைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் நீள ஸ்லாட்டில்தான் மாட்ட வேண்டும், கடைசியில் கிளிப் 'டக்' என்று விழும் சத்தம் கேட்க வேண்டும். மலிவான கேபினெட்டில் பின்பக்கத் தகடு கொஞ்சம் வளைந்திருக்கும், திருகை முறுக்க முறுக்க கார்டின் மறுமுனை ஸ்லாட்டிலிருந்து லேசாக எழும்பும். திருகைத் தளர்த்தி, கார்டை அழுத்திப் பிடித்தபடி திரும்ப முறுக்குங்கள். பென்சில் ரப்பரால் கார்டின் தங்கப் பற்களை லேசாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுவது பழைய வைத்தியம்தான், ஆனால் இன்றும் பலிக்கிறது. பழைய பெட்டியின் ஸ்லாட்டில் பல வருடத் தூசு இருக்கும், அதை மெல்லிய பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள்.

அதற்கும் வரவில்லை என்றால் பயாஸ். இங்கேதான் பழைய பிராசஸர்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். புது கார்டுகள் யூஇஎஃப்ஐ என்ற புது பயாஸ் முறையில் திரையை எழுப்பவே செய்யப்பட்டவை. 2-ஆம், 3-ஆம் தலைமுறை இன்டெல் போர்டுகளில், அதிலும் ஆபீஸ் பெட்டிகளில், பழைய லெகசி முறையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் ஓட்டையில் மானிட்டரை மாட்டி பயாஸுக்குள் போங்கள். பிராசஸரிலேயே டிஸ்ப்ளே இல்லாத மாடல் என்றால், அதாவது இன்டெலில் எஃப் என்று முடிவது, பழைய ரைசனில் ஜி என்று முடியாதது, அப்போது பழைய கார்டைத் திரும்ப மாட்டித்தான் இதைச் செய்ய முடியும். உள்ளே போனதும் முதல் டிஸ்ப்ளே எது என்ற இடத்தில் பிசிஐ எக்ஸ்பிரஸைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் சிஎஸ்எம் என்று இருப்பதை, அதாவது பழைய லெகசி முறைக்கு இடம் கொடுக்கும் செட்டிங்கை, அணையுங்கள்.

ஆனால் சிஎஸ்எம்மை அணைக்கும் முன் விண்டோஸ் எந்த முறையில் போடப்பட்டிருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்தால் பயாஸ் மோட் என்ற வரியில் லெகசியா யூஇஎஃப்ஐயா என்று இருக்கும். லெகசி என்று இருக்கும்போது சிஎஸ்எம்மை அணைத்தால் விண்டோஸ் எழாது. விண்டோஸ் 10-இலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, டேட்டா போகாமல் டிஸ்க்கை மாற்றித்தரும், டிஸ்க்கில் மூன்று பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் மறுத்துவிடும். டேட்டா போகாதுதான், இருந்தாலும் பேக்கப் எடுக்காமல் தொடாதீர்கள்.

பயாஸ் அப்டேட் அதற்கும் அடுத்த படி. மதர்போர்டு கம்பெனி தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கு, போர்டில் அச்சடித்திருக்கும் ரிவிஷன் எண்ணும் சேர்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். நம்ம ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பாதியில் போனால் போர்டு செத்த மாதிரி ஆகிவிடும், அதனால் யூபிஎஸ் இல்லாமல் செய்யவே வேண்டாம். நிறுத்த வேண்டிய இடம் இதுதான்: யூபிஎஸ் இல்லை, அல்லது அப்டேட் பாதியில் நின்றுவிட்டது என்றால் சர்வீஸ் ஆளிடம் கொடுத்துவிடுங்கள். பயாஸ் சிப்பில் கிளிப் மாட்டி வெளியிலிருந்து எழுதும் கருவி அவர்களிடம் இருக்கும், போர்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

## விண்டோஸ் வருகிறது, ஆனால் படம் மங்கல், அல்லது டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம்

பழைய டிரைவர் மிச்சம் இருந்தால் இப்படி ஆகும், குறிப்பாக ஏஎம்டி கார்டிலிருந்து என்விடியாவுக்கோ அங்கிருந்து இங்கோ மாறியிருந்தால். நெட்டைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் போய், டிடியு என்ற கருவியால் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நெட்டைத் துண்டிக்கச் சொல்வது எதற்கென்றால், இடையில் விண்டோஸ் தானாகவே ஒரு டிரைவரை இழுத்து வந்து போட்டுவிடும்.

அந்த முக்கோணத்தைத் திறந்து பார்க்கையில் எரர் கோட் 12 என்று வந்தால் பயாஸில் அபவ் 4ஜி டிகோடிங் என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இயக்குங்கள். எரர் கோட் 43 என்றால் டிரைவரைத் துடைத்துப் போட்டுப் பார்த்து, அப்படியும் போகவில்லை என்றால் வேறு பெட்டியில் சோதியுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்டு அங்கேயும் 43 காட்டினால் விற்றவரிடம் உடனே திருப்பிக் கொடுங்கள், பேசிக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள்.

இன்னும் விண்டோஸ் 7-இல் இருக்கிறீர்களா? இன்றைய கார்டுகளுக்கு அதில் டிரைவர் கிடையாது. விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவை முடித்துவிட்டது, டிரைவர் இன்னும் வருகிறது, ஓடும்.

## டெஸ்க்டாப்பில் நன்றாக இருக்கிறது, கேம் தொடங்கியதும் அணைந்துவிடுகிறது

அணைவதில் இரண்டு வகை. பட்டென்று கரண்ட் போன மாதிரி அணைந்தால் பவர். நீலத் திரை வந்தாலோ கேம் மட்டும் மூடிக்கொண்டாலோ டிரைவர், ராம் பக்கம் பாருங்கள்.

பவர் என்றால் முதலில் யூபிஎஸ்ஸைத் தவிர்த்துவிட்டு நேராகச் சுவரில் மாட்டி விளையாடிப் பாருங்கள். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும், அதிலேயே மானிட்டரும் ரவுட்டரும் தொங்கிக்கொண்டிருக்கும், பேட்டரியும் பழசாகியிருக்கும். கேம் லோடு ஆகும் நொடியில் யூபிஎஸ் 'பீப்' அடித்துவிட்டுக் கையை விரித்துவிடும். சுவரில் மாட்டினால் அணையவில்லை என்றால் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் நல்லாத்தான் இருக்கின்றன, யூபிஎஸ்தான் சின்னது.

சுவரிலும் அணைகிறதா, எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் 450, 500-ஐ விடுங்கள், 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று போட்டிருக்கும், 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் அதில் பாதிகூட வராது. கார்டும் பிராசஸரும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், அதற்கு என்விடியா சொல்வது 550 வாட் எஸ்எம்பிஎஸ். பெட்டி மொத்தமும் அவ்வளவு இழுக்காது, ஆனால் கார்டு கண நேரத்துக்கு எகிறி இழுக்கும்போது தாங்க வேண்டுமே.

ஒயர் பத்தவில்லை என்று அடாப்டர் போடுபவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவரிலிருந்து 8 பின் எடுக்கும் அடாப்டர் விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். ஒரு சாட்டா பவர் கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான், 8 பின்னில் கார்டு 150 வாட் வரை இழுக்கலாம். எஜிபுரா தம்பி ஒருவர் கொண்டுவந்த பெட்டியில் அந்தக் கருப்பு பிளாஸ்டிக் உருகி, பின்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒயரின் மஞ்சள் தோல் பழுப்பாகிச் சுருங்கியிருந்தது. பெட்டி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, "லேசா வாசனை வருதுண்ணா" என்பதுதான் அவர் சொன்ன புகார். கருகிய வாசனை வந்தால் வேறெந்தச் சோதனையும் வேண்டாம், சுவிட்சை அணைத்துவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

ரீஃபர்பிஷ்டு ஆபீஸ் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ் 250, 300 வாட் சுற்றித்தான் இருக்கும், கார்டுக்கான ஒயரே இருக்காது, சில மாடல்களில் மதர்போர்டு கனெக்டரும் தனி வடிவம், கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. இந்தப் பெட்டிக்கு தனி பவர் ஒயர் கேட்காத கார்டுதான் சரி. ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி மாடல் 70 வாட், ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும், ஒல்லிப் பெட்டிக்கு ஏற்ற உயரம் குறைந்த வடிவமும் வருகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் 8 ஜிபி மாடலை எடுத்துவிடாதீர்கள், அதற்குத் தனி ஒயர் வேண்டும்.

## கார்டு மாற்றியும் எஃப்பிஎஸ் ஏறவே இல்லை

அதிகம் பேர் வருவது இதற்குத்தான், கடைக்காரர் 'எல்லாத்தையும் மாத்து' என்று சொல்வதும் இதற்குத்தான். பொறுமையாகப் பாருங்கள்.

கேமில் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்ற எண், விழும் ஓர் இடத்தில், கூட்டமான தெரு மாதிரி, நின்றுகொண்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஃப்டர்பர்னரில் கார்டு எத்தனை சதவீதம், பிராசஸரின் ஒவ்வொரு கோரும் எத்தனை சதவீதம் என்று திரையிலேயே காட்டச் சொல்லலாம். மொத்த பிராசஸர் 60 சதவீதம் என்று காட்டுவதை நம்பாதீர்கள், நாலு கோரில் ஒன்று 100-இல் முட்டிக்கொண்டு மற்றவை பாதி வேலையில் இருந்தாலும் மொத்தம் 60 பக்கம்தான் காட்டும். இப்போது ரெசல்யூஷனை மட்டும் 1080-இலிருந்து 720-க்கு இறக்கிவிட்டு அதே இடத்தில் நில்லுங்கள்.

### எண் நன்றாக ஏறுகிறது, கார்டு 95 சதவீதத்துக்கு மேல்

பிராசஸரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கார்டு தன் முழு பலத்தில் ஓடுகிறது. கேம் செட்டிங்கைக் குறைப்பதுதான் வழி. பிராசஸர் மாற்றினால் இந்தக் கேமில் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

### எண் அசையவில்லை, கார்டு 50, 60 சதவீதத்தில் தூங்குகிறது

பிராசஸர் பக்கம்தான் இறுக்கம். ஆனாலும் காசு எடுக்கும் முன் ராமைப் பாருங்கள். சிபியு-இசட்டில் மெமரி பக்கத்தில் சானல் என்ற இடத்தில் சிங்கிள் என்று இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. ஒற்றை 8 ஜிபி குச்சியில் ஓடும் பழைய நாலு கோர் ஐ5-க்கு, அதே வேகத்தில் இன்னொரு குச்சி சேர்த்ததும் எஃப்பிஎஸ் கண்ணுக்குத் தெரிந்தே நிமிரும், குறிப்பாகத் திடீரென்று விழுவது குறையும். ரைசனில் இன்னும் அதிகம் தெரியும். டிடிஆர்4 3200 ராம் வாங்கியிருந்தும் சிபியு-இசட்டில் டிராம் ஃப்ரீக்வன்சி 1066 பக்கம் காட்டினால் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) அணைந்திருக்கிறது என்று அர்த்தம், அது 2133-இல் ஓடுகிறது. பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்குங்கள். இன்டெலின் எச், பி வரிசைப் பழைய போர்டுகளில் ராம் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்கு மேல் ஏறாது, அது கோளாறு அல்ல.

அப்புறம் கேம் செட்டிங். கார்டு சும்மா இருக்கிறதல்லவா, அதற்கு வேலை கொடுங்கள். ரெசல்யூஷன், டெக்ஸ்ச்சர் ஏற்றினாலும் எஃப்பிஎஸ் குறையாது, படம் மட்டும் அழகாகும். பிராசஸரைக் கசக்குவது கூட்டத்தின் அடர்த்தி, எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பது, நிழல், ரே டிரேசிங். சைபர்பங்க் 2077-இல் கிரவுட் டென்சிட்டியை ஒரு படி இறக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் அப்ஸ்கேலிங் இங்கே உதவாது, அது கார்டின் சுமையைத்தான் குறைக்கிறது. இடையில் கூடுதல் ஃபிரேம்களைச் செய்து சேர்க்கும் ஃபிரேம் ஜெனரேஷன் கண்ணுக்கு வழுவழுப்பாகக் காட்டும், தனியாக ஆடும் கேமுக்குச் சரி, வேலரன்ட், சிஎஸ்2 மாதிரி ஆட்டத்துக்கு வேண்டாம், கைக்கும் திரைக்கும் இடைவெளி கூடும்.

கார்டு இன்னும் வாங்கவில்லை என்றால் ஒன்று. ஒரே விலையில் இரண்டு கார்டு இருக்கும்போது பழைய பிராசஸரில் டிரைவரின் சுமையும் கணக்கில் வரும். டிஎக்ஸ்12 கேம்களில் என்விடியா டிரைவர் பிராசஸரிடம் கொஞ்சம் அதிகம் வேலை வாங்கும், ஏஎம்டியின் ரேடியான் அவ்வளவு கேட்காது. இன்டெல் ஆர்க் கார்டுகளை 10-ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெலில் மாட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. அவற்றுக்கு ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) வேண்டும், இல்லாவிட்டால் வேகம் பெரிய அளவில் விழும். ஆர்க் பி580-ஐப் பழைய ரைசனில் மாட்டி ஏமாந்தவர்களும் உண்டு.

### இரண்டும் சும்மா இருக்கின்றன, எஃப்பிஎஸ் மட்டும் குறைவு

ஏதோ ஒன்று கட்டிப்போட்டிருக்கிறது. எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டும் விசிங்க் போட்டு 60-இல் நிற்கிறதா பாருங்கள். விண்டோஸ் பவர் பிளான் பவர் சேவரில் இருந்தால் மாற்றுங்கள், ஆபீஸ் பெட்டியில் அடிக்கடி அப்படி விட்டிருப்பார்கள். ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற கட்டத்தைப் பாருங்கள் (x8 மாதிரி வருவது டேட்டா போகும் வழிகளின் எண்ணிக்கை, 3.0 மாதிரி வருவது பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் தலைமுறை), பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி சோதனையை ஓடவிட்டுத்தான் படிக்க வேண்டும், சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்க 1.1 என்று இறங்கி நிற்கும். ஓடும்போதும் x4 என்றோ 1.1 என்றோ காட்டினால் தவறான ஸ்லாட்டில் மாட்டியிருக்கிறீர்கள், அல்லது கார்டு முழுதாக உட்காரவில்லை.

x8 என்று காட்டினால் பதறாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600 எல்லாம் செய்யும்போதே எட்டு வழியோடு செய்தவை. 3.0 ஸ்லாட்டில் இவை சில சதவீதம்தான் இழக்கும். 2-ஆம் தலைமுறை இன்டெல் 2.0-தான் தரும், அங்கே ஸ்லாட்டின் வேகம் பாதியாகும், இழப்பும் தெரியும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நாலே வழி, பழைய பெட்டிக்கு அதை யாருக்கும் நான் சொல்வதில்லை.

## எஃப்பிஎஸ் எண் நல்லாத்தான் இருக்கு, ஆனால் திக்கித் திக்கி ஓடுகிறது

புது கேமை முதல் தடவை ஓடவிடும்போது ஷேடர் (கார்டு படம் வரையப் பயன்படுத்தும் சின்ன நிரல்கள்) தயாராகும் வரை திக்கும். அரை மணி விளையாடிவிட்டுப் பேசுங்கள். கேம் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் சாட்டா எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், தெருவில் வண்டி ஓட்டும்போது உலகம் நின்று நின்று வருவது அதோடு போய்விடும். பின்னால் பிரௌசரில் பத்து டேப் திறந்திருந்தால் மூடுங்கள், நாலு கோருக்கு அதுவே பெரிய பாரம்.

அடுத்து கார்டின் மெமரி. 8 ஜிபி கார்டில் டெக்ஸ்ச்சரை அல்ட்ராவில் வைத்தால் நிரம்பி வழிந்து, மிச்சத்தை சிஸ்டம் ராமிலிருந்து ஸ்லாட் வழியாக இழுக்க ஆரம்பிக்கும். 4.0 ஸ்லாட்டில் ஓரளவு சமாளித்துவிடும், எட்டு வழி கார்டு 3.0-இல் என்றால் படு திக்கல். டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கினால் தீர்ந்துவிடும்.

இதெல்லாம் இல்லை, நாலு கோரும் 100-இல் முட்டுகிறது என்றால் எஃப்பிஎஸ்ஸுக்குக் கடிவாளம் போடுங்கள். 50-க்கும் 90-க்கும் நடுவில் ஊசலாடுவதைவிட 60-இல் பூட்டி வைத்தது கண்ணுக்கு எவ்வளவோ மேல். என்விடியா கண்ட்ரோல் பேனலிலேயே உச்ச ஃபிரேம் ரேட் என்று இருக்கிறது, ரிவாட்யூனரிலும் செய்யலாம். பிராசஸருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். காசில்லாத வைத்தியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், செய்துகாட்டியதும் பாதிப் பேர் பிராசஸர் மாற்றும் எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள்.

## முதல் பத்து நிமிடம் ஜோர், அப்புறம் மெதுவாகிறது

சூடு. "பழைய கார்டு இருந்தப்ப இப்படி இல்லையே" என்பார்கள், காரணம் இருக்கிறது. பழைய கார்டு மெதுவாக இருந்ததால் பிராசஸர் பாதி நேரம் காத்துக்கொண்டிருந்தது. புது கார்டு அதை விடாமல் வேலை வாங்குகிறது, கூடவே தன் சூட்டையும் அதே பெட்டிக்குள் விடுகிறது.

எச்டபிள்யூ-இன்ஃபோவில் பிராசஸர் 100 டிகிரி பக்கம் போய் தெர்மல் த்ராட்லிங் எஸ் என்று காட்டுகிறதா? பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு விளையாடிப் பாருங்கள். சரியானால் பெட்டிக்குள் காற்று போகவில்லை, முன்னால் ஒரு ஃபேன் போதும். சரியாகவில்லை என்றால் தூசு, தெர்மல் பேஸ்ட். பெட்டியைப் படுக்க வைத்து இன்டெல் கூலரின் நாலு மூலையையும் பாருங்கள், அந்த வெள்ளை பிளாஸ்டிக் கால்களில் ஒன்று பாதி எழும்பி நின்றுகொண்டிருக்கும், கூலரை விரலால் ஆட்டினால் அந்தப் பக்கம் மட்டும் தள்ளாடும். பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்து, எதிரெதிர் மூலைகளாக அழுத்தி மாட்டினால் இருபது டிகிரி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஏஎம்டியில் கூலரைத் தூக்கும்போது காய்ந்த பேஸ்ட்டோடு பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்து பின் வளையும், கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அணைத்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகித்தான் எடுக்க வேண்டும். பின் வளைந்துவிட்டால் கத்தியை எடுக்காதீர்கள், சர்வீஸுக்குக் கொடுங்கள்.

பிராசஸர் சூடு சரியாக இருந்தும் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸுக்கு விழுந்து விழுந்து எழுகிறது என்றால் மதர்போர்டின் மின்பகுதி சூடாகிறது. மலிவான போர்டில் பெரிய ஐ7 வைத்திருந்தால் இது வரும். அந்த இடத்துக்குக் காற்று படும்படி ஒரு ஃபேன் வைத்துப் பாருங்கள், போகவில்லை என்றால் போர்டின் எல்லை அவ்வளவுதான்.

## கேம் திறக்கவே மறுக்கிறது

2, 3-ஆம் தலைமுறை இன்டெலில் ஏவிஎக்ஸ்2 என்ற பிராசஸர் கட்டளைத் தொகுப்பு கிடையாது, அது 4-ஆம் தலைமுறையில்தான் வந்தது. அதைக் கேட்கும் கேம் எந்த கார்டு போட்டாலும் திறக்காது. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், யூஇஎஃப்ஐ முறையில் மட்டும் ஓடும் செக்யூர் பூட்டையும் கேட்கும், மேலே சொன்ன சிஎஸ்எம் கதை இங்கேயும் வரும்.

## பெட்டியைத் தொட்டால் கை சுருக்கென்கிறது

கார்டுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் கார்டைக் கொல்லும். பழைய கட்டிடங்களில், பிஜி ரூம்களில் பிளக்கின் மேல் ஓட்டைக்கு எர்த் ஒயரே கொடுத்திருக்க மாட்டார்கள். கேபினெட் திருகில் டெஸ்டரை வைத்தால் பல்ப் எரியும். இந்த நிலையில் ஓடும் பெட்டியில் எச்டிஎம்ஐயைச் சொருகினால் கார்டின் போர்ட் போக வாய்ப்பு உண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது. அதுவரை எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு மட்டும் கேபிள் மாற்றுங்கள்.

## எல்லாம் பார்த்தாயிற்று, பிராசஸர்தான் என்று முடிவு

அப்போதும் மதர்போர்டோடு மாற்ற வேண்டியதில்லை. ரைசன் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 2017-இல் வாங்கிய பி350 போர்டில்கூட பயாஸ் அப்டேட் செய்துவிட்டு ரைசன் 5 5600 போடலாம், உங்கள் போர்டின் பிராசஸர் பட்டியலில் அது இருக்கிறதா என்று கம்பெனி தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். அப்டேட்டை பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே செய்துவிட வேண்டும். இன்டெலில் 4-ஆம் தலைமுறை ஐ5-க்கு அதே சாக்கெட்டில் செகண்ட் ஹேண்ட் ஐ7 4770 கிடைக்கும், எட்டு த்ரெட், திக்கல் குறையும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 6, 7-ஆம் தலைமுறைக்கு ஐ7 6700 அல்லது 7700. 8-ஆம் தலைமுறை பிராசஸர் சாக்கெட் ஒன்று போலத் தெரிந்தாலும் அந்தப் போர்டில் ஓடாது, 300 வரிசை போர்டு வேண்டும்.

2, 3-ஆம் தலைமுறையில் இருப்பவர்களிடம் நேராகவே சொல்லிவிடுவேன், செகண்ட் ஹேண்ட் ஐ7-இல் காசு போடாதீர்கள். கார்டை வைத்துக்கொண்டு, 60-இல் பூட்டி விளையாடிக்கொண்டு, போர்டு, பிராசஸர், ராம் மூன்றுக்கும் சேர்த்துக் காசு சேருங்கள். அந்த நாளில் இதே கார்டு அங்கேயும் உழைக்கும்.

கடைக்குக் கொண்டுபோகும்போது கார்டை மட்டும் எடுத்துப்போகாமல் முழுப் பெட்டியையும் கொண்டுபோங்கள், உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒருமுறை, அவர்களுடைய எஸ்எம்பிஎஸ்ஸில் ஒருமுறை என்று உங்கள் கண்முன்னே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில், அட்டைப் பெட்டி, கார்டின் பின்னாலுள்ள சீரியல் ஸ்டிக்கர் போட்டோ, அணையும் நேரத்தில் எடுத்த ஒரு வீடியோ, இவை கையில் இருந்தால் வாரன்டி கவுண்டரில் பேச்சு சீக்கிரம் முடியும். கார்டின் திருகு மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரை வாரன்டி முடியும் வரை கிழிக்காதீர்கள், கடையில் "பேஸ்ட் மாத்தித் தரேன்" என்று திறக்க வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.